நின்ற பஸ்ஸில் விழுந்தவர்

பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்பக்கம் சாய்வார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி தெரியாததால் எங்கள் டிரைவருக்கு வேலை போகப் பார்த்தது.

நான் விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டர். கோபக்காரன் என்று பெயர். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வாப்பா என்று மரியாதையாகக் கூப்பிட்டால் வரமாட்டான். திட்டினால் வருவான். அதனால் திட்டுகிறேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

டிரைவர் எனக்கு நேர்மாறு. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். அதிர்ந்து பேசமாட்டார். ரொம்ப வருஷம் லாரி ஓட்டிவிட்டு இந்த பஸ்ஸுக்கு வந்தவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது. "எம் பொண்ணு பேசக் கத்துக்கினதே நான் போன்லதான்யா கேட்டேன்" என்று ஒருமுறை சொன்னார். தினமும் ராத்திரி வீட்டில் சாப்பிடலாம் என்ற ஒரே காரணத்துக்காக பஸ்ஸுக்கு வந்தார். மறுபடி லாரிக்குப் போகச் சொன்னால் அந்த ஆள் செத்துவிடுவார்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அது பிரேக். பஸ் நிற்பதற்குச் சற்று முன்னால் பெடலில் இருந்து காலைக் கொஞ்சம் தளர்த்துவார். பஸ் நின்றதே தெரியாது. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே இருப்பான், நான் போய்த் தட்டி இறக்கிவிட வேண்டும். எனக்கு அது கூடுதல் வேலை.

எங்கள் விளையாட்டு ஒரு கேஸ் பலூனில் ஆரம்பித்தது. மழை நாள். ஷட்டரெல்லாம் இறக்கியிருந்தது. முண்டியம்பாக்கத்தில் ஒருவர் பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று நூல் கட்டிய பலூனோடு ஏறினார். ரெண்டு விசில் கொடுத்தேன், பஸ் கிளம்பியது. எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் ஆட்கள் கொஞ்சம் பின்னால் சாயத்தான் செய்வார்கள். சாய்ந்தார்கள். பலூன் மட்டும் முன்னால் சாய்ந்தது. டிரைவர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

திண்டிவனம் பஸ் நிலையத்து டீக்கடையில் கேட்டார்.

"யோவ், எல்லாரும் பின்னாடி போனா அந்த பலூன் மட்டும் ஏன்யா முன்னாடி வருது?"

"காத்துதான்."

"ஷட்டரு மூடிக்கீது. காத்து எங்கேந்து வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். திரும்பி வரும் வழியெல்லாம் டிக்கெட் கிழித்துக்கொண்டே யோசித்தேன். விழுப்புரம் வந்து சேரும்போது பிடிபட்டது.

"பஸ்ஸுக்குள்ள இருக்கிற காத்தும் பாசஞ்சர்தான்யா. டிக்கெட் வாங்காத பாசஞ்சர். பஸ்ஸ எடுத்தா அதுவும் பின்னாடி போய் அடையுது. பலூன் காத்தைவிட லேசு. அதனால காத்து அத்த முன்னாடி தள்ளிவுடுது."

டிரைவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப பிரேக் போட்டா பலூன் பின்னாடி போவும்" என்றார். அதுதான் சரி.

அன்றிலிருந்து தினமும் ஒன்று. ஒரு முனையில் கேள்வி, மறுமுனையில் பதில். நடுவில் பேச்சு கிடையாது. ஓடும்போது டிரைவரிடம் பேசாதே என்று தலைக்கு மேல் எழுதியிருக்கிறது. எழுதாவிட்டாலும் அவர் பேசமாட்டார். போனில் தேடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஒரு காலேஜ் பையன் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு உடனே போனைத் தட்டி விடையைப் படித்தான். வாசலில் விட்ட நம் செருப்பை வேறு ஒருவன் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. "தம்பி, வாய மூடிக்கினு வர்றதா இருந்தா வா" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவன் வேறு பஸ்ஸில் போனான். போகட்டும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒரே ரோட்டில் போய்ப் போய் வருகிறவனுக்குத்தான் அது தெரியும். அவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை.

மூன்றாவது ஆள் தானாகச் சேர்ந்தது. கூட்டேரிப்பட்டில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும் ஒரு பெண். ஜெராக்ஸ் கடையில் வேலை. முன் சீட்டில்தான் உட்காரும். கோடைக்காலம், திண்டிவனத்தைச் சுற்றி ரோட்டோரம் முழுக்கத் தர்பூசணி குவிந்து கிடந்தது. அன்று திண்டிவனத்தில் கேட்க மறந்து, கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது நான் போட்ட கேள்வி இது: நூறு கிலோ தர்பூசணி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள். வெயிலில் கிடந்து காய்ந்து, தண்ணீர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு ஆகிவிட்டது. இப்போது எத்தனை கிலோ?

"தொண்ணூத்தொம்பது" என்று அந்தப் பெண் பட்டென்று சொன்னது. அதை யாரும் கேட்கவில்லை.

"உன்னைக் கேட்டனா?"

"காதுல வுழுது, சொன்னேன். தப்பாண்ணே?"

"தப்பு. ஐம்பது."

"ஐம்பதா? தர்பூஸ நீங்க துன்னுட்டு கணக்கு காட்டுறீங்களா?"

டிரைவரும் நம்பவில்லை. ஒரு பங்கு தண்ணீர் குறைந்ததற்குப் பாதிப் பழம் எங்கே போகும் என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். தண்ணீரைப் பார்க்காதீர்கள், தண்ணீர் இல்லாததைப் பாருங்கள். அது முதலில் ஒரு கிலோ. காய்ந்தாலும் ஒரு கிலோதான். முதலில் அது நூற்றில் ஒரு பங்கு. இப்போது நூற்றில் இரண்டு பங்கு, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் மொத்தம் ஐம்பதுதான்.

அந்தப் பெண் அன்று வேலைக்கு இறங்கும்வரை விரலை மடக்கி மடக்கிப் பார்த்தது. மறுநாள் ஏறும்போதே, "சரிதாண்ணே. எங்க ஓனருகிட்ட கேட்டேன், அந்தாளும் தொண்ணூத்தொம்பதுன்னாரு. நேத்துலேந்து எனக்கு ஒரே சந்தோஷம்" என்றது.

அதன் பிறகு அந்தப் பெண்ணும் கேள்வி கொண்டுவர ஆரம்பித்தது. அதில் ஒன்றுதான் எங்களுக்குள் தீராமல் கிடந்தது.

"பஸ் பிரேக் போட்டா முன்னாடி போறோம், சரி. ஆனா பஸ் நின்னதும் கடைசியா ஒருவாட்டி பின்னாடி தூக்கிப் போடுதே, அது ஏண்ணே?"

டிரைவர் கேட்டுவிட்டு, "எங்க பஸ்லயா?" என்றார்.

"உங்க பஸ்ல இல்லண்ணே. மத்த பஸ்ல."

"அப்ப அது டிரைவர் கோளாறு. கணக்கு இல்ல."

அவரைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. எங்கள் பஸ்ஸில் வைத்துச் சோதிக்கவும் வழியில்லை, இந்த ஆள்தான் யாரையும் பின்னால் தள்ளுவதே இல்லையே. வாரத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரே லீவில், துணி துவைக்காமல், வேறொரு பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு போனேன். அந்தக் கண்டக்டர் என்னைத் திட்டினான். நான் திருப்பித் திட்டினேன். ஆனால் விடை கிடைத்தது.

பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் போகிறது. விழாமல் இருக்க நாமே நமக்குத் தெரியாமல் காலை ஊன்றிப் பின்பக்கமாகச் சாய்கிறோம். பஸ் முழுசாக நின்ற அந்த நொடியில் முன்னால் இழுத்த இழுப்பு சட்டென்று போய்விடுகிறது. சாய்ந்த சாய்ப்பு மட்டும் மிச்சம். போதாததற்கு, பிரேக்கில் மூக்கைத் தாழ்த்திய பஸ்ஸும் நிமிர்கிறது. அதனால் பின்னால் விழுகிறோம். கயிறு இழுக்கும்போது எதிராளி கயிற்றை விட்டுவிட்டால் நாம் மல்லாக்க விழுகிற மாதிரி. கடைசியில் காலைத் தளர்த்துகிற டிரைவர் கயிற்றை மெல்ல விடுகிறவர், அவ்வளவுதான்.

டிரைவரிடம் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். "இருக்கலாம்யா. நான் பாத்தது இல்ல" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

பிறகு அந்தக் காலை வந்தது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நடை. விக்கிரவாண்டியில் பஸ் பைபாஸை விட்டு சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கியிருந்தது. ஒரு பெரியவர், தோளில் மல்லாட்டைப் பையோடு, அதாவது வேர்க்கடலைப் பையோடு, ஸ்டாப் வருவதற்கு முன்பே எழுந்து நடுவில் நின்றார். நான் கடைசி சீட்டில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பிரேக். எல்லோரும் முன்னால் போனோம். பஸ் நின்றது. பெரியவர் தடாலென்று பின்பக்கமாக மல்லாந்து விழுந்தார். மல்லாட்டை பஸ் முழுக்கச் சிதறியது. ஓர் ஆடு குறுக்கே பாய்ந்ததாம். நான் ஆட்டைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

பெரியவரைத் தூக்கி உட்கார வைத்தேன். முழங்கையில் சிராய்ப்பு. வழக்கம்போல், "கம்பியப் புடிக்காம இன்னா அவசரம்" என்று கத்தினேன். அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டோம். முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் மகன் முதலாளியிடம் போயிருக்கிறான். புகார் இதுதான்: எங்கப்பா இறங்குவதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டான், எங்கப்பா பின்னால் விழுந்துவிட்டார். பெரியவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவரும், "ஆமாங்க, பஸ்ஸ எடுத்தாரு, வுழுந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் விழுந்தோம், அதனால் பஸ் கிளம்பியிருக்க வேண்டும் என்று அவர் உடம்பே அவருக்குச் சொல்லிவிட்டது.

முதலாளியும் ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர். எதை வேண்டுமானாலும் பொறுப்பார். விசில் இல்லாமல் வண்டியை எடுப்பதை மட்டும் பொறுக்கமாட்டார். ஏறுகிற ஆள் காலை வைக்கும் முன் வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர்.

திண்டிவனம் ஷெட்டுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"நீ விசில் குடுத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க. ஸ்டாப்பே வரல."

"அப்ப இவன் விசில் இல்லாம எடுத்துக்கிறான்."

"எடுக்கலீங்க. நிறுத்தினாரு. ஆடு வந்துச்சு."

"பிரேக் போட்டா முன்னாடிதானே வுழுவாங்க? அந்தாளு பின்னாடி வுழுந்துகிறாரு. நானும் வண்டி ஓட்டினவன்தான். எங்கிட்டயே கதை உடறியா?"

ஜெராக்ஸ் கடைப் பெண் பார்த்தது என்று சொல்லி, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "சார், பஸ் நின்னப்புறம்தான் சார் அவரு வுழுந்தாரு. நான் முன் சீட்டுல திரும்பிப் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றது.

முதலாளி சிரித்தார். "நின்ன பஸ்ல எவனாவது வுழுவானாம்மா?"

அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னது, ஆனால் அந்த உண்மையே அவருக்குப் பொய் மாதிரி கேட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் டிரைவரை. விசில் இல்லாமல் எடுத்தான் என்று ஓர் இடத்தில் அனுப்பப்பட்டவனை இந்த ரோட்டில் வேறு எந்த முதலாளியும் சேர்க்கமாட்டான். மிச்சம் லாரிதான். டிரைவர் பாக்கெட்டில் கையை விட்டார். சாவியை எடுக்கத்தான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இருய்யா" என்றேன் அவரிடம். முதலாளியிடம், "நின்ன பஸ்ல வுழுவாங்க. காட்டறேன், வாங்க" என்றேன்.

"காட்டு. ஜல்தியா காட்டு. அடுத்த நடைக்கு நேரம் ஆவுது."

ஷெட்டுக்குப் பின்னால் வெற்று மைதானம். பஸ்ஸை அங்கே கொண்டுபோனோம். நானும் முதலாளியும் நடுவில் நின்றோம். டிரைவர் ஓட்டினார். "நல்லா வேகமா போய், அழுத்தி நிறுத்து" என்றேன். வேகமாகப் போனார். அழுத்தினார். முன்னால் போனோம். பிறகு பஸ் நின்றது, பூனை உட்காருகிற மாதிரி. யாரும் பின்னால் போகவில்லை.

"கால தளத்தாதய்யா!"

மறுபடி ஓட்டினார். மறுபடி அதே பூனை.

"யோவ், உனுக்கு அறிவு கீதா? தளத்தாதன்னு சொல்றேன்ல!"

"தளத்தக் கூடாதுன்னுதான்யா நெனைக்கிறேன். கால் கேக்க மாட்டேங்குது."

அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு தடவை மோசமாக பிரேக் போட வேண்டும், அந்த ஆளால் அது முடியவில்லை. அன்று விக்கிரவாண்டியில் ஆடு அதைச் செய்ய வைத்தது. இங்கே ஆடு இல்லை.

முதலாளி படியை நோக்கி நடந்தார். "பாத்தாச்சு. யாரும் வுழல."

"நீங்க ஓட்டுங்க" என்றேன்.

"இன்னா?"

"நீங்களும் வண்டி ஓட்டினவருதானே? ஓட்டுங்க. இவுரும் நானும் நிக்கிறோம்."

இதை மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. முதலாளி என்னை முறைத்தார். ஆனால் ஸ்டியரிங்கைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. ரொம்ப நாளாயிற்று போல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். டிரைவர் முதல்முறையாகத் தன் பஸ்ஸில் பாசஞ்சராக நின்றார். கம்பியைப் பிடிக்கவில்லை.

முதலாளி இரண்டு கியர் போட்டு ஓட்டி, ஓங்கி ஒரு பிரேக் அடித்தார். அது பூனை இல்லை. முன்னால் போனோம். பஸ் நின்றது. நின்ற பிறகு என்னைப் பின்னால் தூக்கிப் போட்டது. எனக்குத் தெரியும், கம்பியைப் பிடித்துவிட்டேன். டிரைவருக்குக் காதால் கேட்டதோடு சரி. இரண்டு அடி பின்னால் போய், சீட்டு முனையில் இடித்து, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி கண்ணாடியில் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

"வண்டி நின்னுதானே இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கதானே நிறுத்தினீங்க?"

அவர் இறங்கினார். டிரைவர் இன்னும் தரையில்தான் இருந்தார். "ஆடு எந்தப் பக்கத்துலேந்து வந்துச்சு?" என்று கேட்டார். இடது பக்கம் என்றார் டிரைவர். "சரி, நடைக்கு நேரமாச்சு. எடு" என்றார் முதலாளி. மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரைவரும் நானும் பெரியவர் வீட்டுக்குப் போனோம். முழங்கை ஆறியிருந்தது. நான் கயிறு கதையைச் சொல்லி விளக்கினேன். பெரியவர் முழுசாகக் கேட்டார். "நீ சொல்றது சரியா இருக்கும்பா. ஆனா நின்ன பஸ்ல வுழுந்தேன்னு நான் எப்படி வெளிய சொல்லுவேன்? ஊரே சிரிக்கும்" என்றார். போகும்போது ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்தார்.

வேலை தப்பியது. விளையாட்டு நின்றுபோனது. டிரைவர் என்னோடு பேசினார், டீ குடித்தார், ஆனால் கேள்வி போடவில்லை. நான் போட்டால், "அப்பறம் பாக்கலாம்யா" என்றார். ஜெராக்ஸ் கடைப் பெண்தான் என்னிடம் நேராகச் சொன்னது.

"அவுரு பிரேக் சரியா போடலன்னு நீங்கதானே அண்ணே நிரூபிச்சீங்க."

"வேலையக் காப்பாத்தினேன்மா!"

"அதுவும்தான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எதன் மேல் என்று தெரியவில்லை. ஆட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

அப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம் திண்டிவனத்தில் கடைசிப் பாசஞ்சரும் இறங்கிவிட்டார். பஸ்ஸை ஷெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார் டிரைவர். நான் நடுவில் நின்று பையை மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பிரேக். முன்னால் போனேன். பஸ் நின்றது. அடுத்த நொடி பின்னால் போய்ச் சீட்டில் விழுந்தேன், பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லுய்யா. வண்டிய எடுத்தனா, நிறுத்தினனா?"

"நிறுத்தின. நாசமாப் போ."

"உன்னை எறக்கிவுட்டுட்டு டெய்லி சாயங்காலம் இங்க பழகிக்கினு இருந்தேன்யா. கால தளத்தாம நிறுத்தறது எவ்ளோ பேஜாரு தெரியுமா?"

மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நான் விழுந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டுச் சிரித்தது. விழுப்புரத்தில் இறங்கும்போது டிரைவர் பக்கம் குனிந்து, "எனக்கும் ஒருவாட்டி போட்டுக் காட்டுங்கண்ணே. கெட்டியாப் புடிச்சிக்கிறேன்" என்றது.

டிரைவர் பெடல் மேல் இருந்த தன் காலைப் பார்த்தார்.

"பாசஞ்சர் இருந்தா வராதும்மா" என்றார். "நேத்து கடைசி ஆள் எறங்கினப்பறம்தான் வந்துச்சு."

"அப்ப அண்ணன் பாசஞ்சர் இல்லியா?"

"அவனா? அவன் கண்டக்டரு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "யோவ், திண்டிவனத்துல பதில் சொல்லு. அந்தப் பெரியவரு தோள்ல மல்லாட்டைப் பைய வெச்சிக்கினு இருந்தாரே. பை இல்லாம இருந்தா வுழுந்திருப்பாரா?"

ரெண்டு விசில் கொடுத்தேன்.